சீனி வருத்தமும் பாரிசவாதமும்: முன்னூறு வருடம் பிந்திய சந்திப்பு

இன்றைக்கு தோமஸ் வில்லிஸ் என்ற மனிதரில் தொடங்குவோம். 1621இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். ஒக்ஸ்போர்ட் நகரில் டொக்டர். 1650இல் ஆன் கிறீன் என்ற பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். அவளுடைய உடலை அறுத்துப் படிப்பதற்காக வில்லிஸிடமும் அவருடைய நண்பர்களிடமும் கொடுத்தார்கள். சவப்பெட்டியைத் திறந்தால் அவளுக்கு மூச்சு இருந்தது. சூடான பானம் கொடுத்து, கை கால்களைத் தேய்த்து, அவளைப் பிழைக்க வைத்தார்கள். பிறகு அவள் கலியாணம் கட்டிப் பிள்ளைகளும் பெற்றாள். இந்த ஒரு கதைக்காகவே எனக்கு வில்லிஸைப் பிடிக்கும். ஆனால் இன்று அவரைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு.

எங்கள் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் இரண்டு வருத்தங்கள் இருக்கின்றன. ஒன்று சலரோகம், அதாவது நீரிழிவு. வீட்டில் "சீனி" என்பார்கள், இங்கே பிறந்த நாங்கள் "சுகர்" என்போம். மற்றது பாரிசவாதம், அதாவது ஸ்ட்ரோக். இரண்டும் தனித்தனி வருத்தம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒன்று இனிப்போடு சம்பந்தப்பட்டது, மற்றது மூளையோடு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பெயர்களைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். சலரோகம் என்பதில் "சலம்" என்றால் சிறுநீர். நீரிழிவு என்றாலும் நீர் இழிந்து போவது. கிரேக்கர் வைத்த "டயபட்டீஸ்" என்ற பெயருக்கும் கிட்டத்தட்ட அதே பொருள்தான்: ஊடே ஓடிப் போவது. ஆளுக்கு ஓயாத தாகம், ஓயாமல் சிறுநீர், உடம்பு கரைந்து மெலியும். எல்லா ஊரிலும் மனிதர்கள் பார்த்தது இதைத்தான். பாரிசவாதத்தில் "பாரிசம்" என்றால் பக்கம், உடம்பின் ஒரு பக்கம் விழுந்துவிடுவது. கிரேக்கர் அதை "அப்போப்ளெக்ஸி" என்றார்கள், அடித்து வீழ்த்தப்படுவது. ஆங்கிலத்தின் ஸ்ட்ரோக்கும் ஓர் அடிதான். ஒரு நோய்க்கு அது வெளியேற்றும் நீரை வைத்துப் பெயர். மற்றதற்கு அது தாக்கும் விதத்தை வைத்துப் பெயர். இரண்டும் சந்திக்கிற இடம் இரத்தக்குழாய். அது தோலுக்குள்ளே ஒளிந்து கிடந்ததால் எந்தப் பெயரிலும் இல்லை.

இப்போது வில்லிஸ். 1664இல் மூளையின் அமைப்பைப் பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்குப் படங்கள் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென். ஆம், பின்னாளில் லண்டனில் சென் போல் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென். கழுத்து வழியாக மேலே போகும் இரத்தக்குழாய்கள் மூளையின் அடியில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக நிற்பதை அந்தப் புத்தகம் தெளிவாகக் காட்டியது. இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் அதை "வில்லிஸ் வளையம்" என்றுதான் படிக்கிறார்கள். அது எதற்கு என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது. ஒருவருடைய உடலை அறுத்துப் பார்த்தபோது கழுத்தின் வலது பக்கப் பெருங்குழாய் முற்றாக அடைபட்டிருந்தது. ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குப் பாரிசவாதம் வரவே இல்லை. மற்றக் குழாய்கள் அந்த வளையம் வழியாக இரத்தத்தை அனுப்பியிருக்கின்றன. ஒரு வீதியை மூடினால் சுற்றிப் போகும் வீதி போல.

இதற்கு ஆறு வருடம் முன்பு, 1658இல், சுவிற்சர்லாந்தின் ஷாப்ஹவுசன் நகரில் யோஹான் யாக்கோப் வெப்ஃபர் என்ற டொக்டரும் பாரிசவாதத்தில் இறந்தவர்களின் மூளைக்குள் இரத்தம் கசிந்து கிடப்பதைக் கண்டு எழுதியிருந்தார். குழாய் அடைபட்டாலும் இது வரலாம் என்று அவரும் சொன்னார். ஆக, 1660களிலேயே பாரிசவாதம் என்பது மூளையின் இரத்தக்குழாய்ப் பிரச்சினை என்பதற்கு நல்ல தடயம் இருந்தது.

அதே வில்லிஸ் பத்து வருடம் கழித்து, லண்டனில் இருந்தபோது, 1674இல் இன்னொரு புத்தகம் எழுதினார். அதில் நீரிழிவுக்காரரின் சிறுநீர் தேன் அல்லது சீனி கலந்தது போல இனிக்கிறது என்று பதிவு செய்தார். எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? ருசி பார்த்துத்தான். முகத்தைச் சுளிக்க வேண்டாம், அந்தக் காலத்தில் டொக்டரின் நாக்கும் ஓர் ஆய்வுகூடம். இது உலகுக்குப் புதிய செய்தியும் இல்லை. ஆயுர்வேத நூல்கள் பல நூற்றாண்டுகள் முன்பே இதற்கு மதுமேகம் என்று பெயர் வைத்திருந்தன. மது என்றால் தேன். ஆனால் ஐரோப்பிய மருத்துவம் இனிப்பைக் கவனிக்கத் தொடங்கியது வில்லிஸுக்குப் பிறகுதான்.

பாருங்கள், ஒரே மனிதர். ஒரு கையில் மூளையின் இரத்தக்குழாய் வளையம், மற்றக் கையில் இனிக்கும் சிறுநீர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரத்தத்தில் சீனி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அதற்கு 1776 வரை காத்திருக்க வேண்டும். லிவர்பூல் நகரின் மத்யூ டொப்சன் நீரிழிவுக்காரரின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, சீனி போன்ற ஒரு பொருளைக் கண்டார். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் இனிக்கிறது என்றார். அப்போதுதான் சீனி என்பது சிறுநீரின் பிரச்சினை இல்லை, உடம்பு முழுக்க ஓடுகிற ஒன்று என்று தெரிய வந்தது.

ஆனால் தடையாக இருந்தது அறியாமை மட்டும் இல்லை. நோயாளிகள் போதுமான காலம் உயிரோடு இருக்கவில்லை. கடுமையான நீரிழிவு வந்த பிள்ளைகள் மாதங்களில், மிஞ்சினால் சில வருடங்களில் இறந்தார்கள். இரத்தக்குழாய் கெட்டுப் போகப் பல வருடம் வேண்டும். வயதானவர்களுக்கு மெல்ல வரும் நீரிழிவோ பலருக்குக் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அவர்களுக்குப் பாரிசவாதம் வந்தால் அது முதுமை என்று எழுதப்பட்டது.

இதை மாற்றிய இடம் எங்கள் ஊர்தான். ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பான்டிங்கின் பெயர் தெரிந்திருக்கும். 1921 கோடையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில், பிரெடரிக் பான்டிங்கும் மாணவர் சார்ள்ஸ் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றை எடுத்தார்கள். 1922 ஜனவரி 11ஆம் திகதி ரொறன்ரோ ஜெனரல் ஆஸ்பத்திரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அதை ஏற்றினார்கள். சாறு சுத்தமில்லை, பெரிய பலனும் இல்லை. ஜேம்ஸ் கொலிப் என்ற இரசாயனக்காரர் அதைச் சுத்தப்படுத்தித் தர, 23ஆம் திகதி மீண்டும் கொடுத்தார்கள். இம்முறை சீனி இறங்கியது. லெனார்ட் மேலும் 13 வருடம் வாழ்ந்தான். காப்புரிமையைப் பான்டிங், பெஸ்ட், கொலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் விற்றார்கள். இன்று இன்சுலின் விலையைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அந்த ஒரு டொலர்தான் எனக்கு ஞாபகம் வரும்.

இன்சுலின் கதையைப் பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் முடித்துவிடும். ஆனால் எங்கள் கதையில் பாதி இனிமேல்தான்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோர்ஜ் மைனட் என்று ஓர் இரத்த நோய் நிபுணர் இருந்தார். 1921இல், வயது முப்பதுகளின் நடுவில், அவருக்குக் கடுமையான நீரிழிவு என்று தெரிந்தது. அந்த ஊரின் பெரிய நீரிழிவு டொக்டர் எலியட் ஜோஸ்லின் அவரைக் கடும் பத்தியத்தில் வைத்தார். அதாவது மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து நாளை நீட்டுவது. அதைவிட வேறு வைத்தியம் இல்லை. மைனட் மெலிந்துகொண்டே போனார். 1923இல் இன்சுலின் அவர் கைக்கு வந்தது. பிழைத்தார்.

பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்தில் "கொல்லும் இரத்தச்சோகை" என்று ஒரு நோய் இருந்தது, வந்தால் சாவுதான். வில்லியம் மர்ஃபி என்ற இளம் டொக்டரோடு சேர்ந்து, நாளாந்தம் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தால் அந்த நோயாளிகள் எழுந்து நடக்கிறார்கள் என்று 1926இல் 45 பேரை வைத்துக் காட்டினார். (ஈரலில் இருந்தது வைட்டமின் பி12 என்பது பிற்பாடு தெரிந்தது.) 1934இல் மைனட், மர்ஃபி, ஜோர்ஜ் விப்பிள் மூவருக்கும் நோபல் பரிசு. ரொறன்ரோவில் எடுத்த சாறு பொஸ்டனில் ஒருவரைக் காப்பாற்ற, அவர் உலகம் முழுக்க எத்தனையோ பேரைக் காப்பாற்றினார்.

1947இல் மைனட்டுக்குப் பாரிசவாதம் வந்தது. உடம்பின் ஒரு பகுதி விழுந்துவிட்டது. 1950இல் இறந்தார்.

இன்சுலின் அவருக்கு 27 வருடம் கொடுத்தது. அந்த 27 வருடத்தில் அவருடைய இரத்தக்குழாய்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் கேள்வி. மைனட்டின் பாரிசவாதத்துக்கு நீரிழிவுதான் காரணம் என்று ஒரு ஆளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அவரைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஜோஸ்லின் தன் நோயாளிகளின் மரணங்களை வருடக்கணக்காகப் பதிந்து வைத்தவர். இன்சுலினுக்கு முன்பு பெரும்பாலானோர் நீரிழிவு மயக்கத்தில் இறந்தார்கள். பின்பு அது அரிதாகி, இரத்தக்குழாய் நோய்கள் முன்னுக்கு வந்தன: மாரடைப்பு, சிறுநீரகம், கால், மூளை. உடனே கொல்லும் நோயாக இருந்த நீரிழிவு, ஆளோடு சேர்ந்து வயதாகும் நோயாக மாறியது.

குழாய்க்குள் என்னதான் நடக்கிறது? ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புக் கொட்டுவார்கள் அல்லவா. ஒரு நாள் உப்பில் காருக்கு ஒன்றும் ஆகாது. பத்து வருடத்தில் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழும். கூடுதலான சீனியும் அப்படித்தான். குழாயின் உட்சுவர் மென்மையை இழக்கிறது, கொழுப்பு அதற்குள் புகுந்து தடிக்கிறது, இரத்தம் கட்டிபடுவது சுலபமாகிறது. கழுத்துக் குழாயில் இப்படி ஒரு தடிப்பு வெடித்து, அதிலிருந்து ஒரு துண்டு மேலே போனால் மூளையில் அடைப்பு. மூளையின் ஆழத்தில் உள்ள மயிரிழைக் குழாய்களும் தடித்து மூடிக்கொள்ளும். அப்போது மூளையில் சின்னச் சின்னக் குழிகள் விழும். ஒன்டாரியோவின் வோட்டர்லூவில் பிறந்த மில்லர் ஃபிஷர் என்ற நரம்பு நிபுணர் 1960களில் இந்தக் குழிகளைப் பொறுமையாக ஆராய்ந்தார். இவை வருவதற்கு முக்கியமான கூட்டாளிகளாக இன்று சொல்லப்படுவன இரண்டு: உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு.

இரத்த அழுத்தம் என்றவுடன் ஓர் அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1945 ஏப்ரல் 12ஆம் திகதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300க்கு 190. அவருக்கு நீரிழிவு இல்லை, ஆனால் அந்த மரணம் ஒரு நாட்டை யோசிக்க வைத்தது. மூன்று வருடத்தில் இருதய நோய் ஆராய்ச்சிக்கு ஒரு சட்டம் வந்தது. 1948இல் பொஸ்டனுக்குப் பக்கத்தில் பிரேமிங்ஹாம் என்ற சிறு நகரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பரிசோதிக்கத் தொடங்கினார்கள். யாருக்கு என்ன வருகிறது என்று காத்திருந்து பார்ப்பது. சலிப்பான வேலை. ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் எல்லாரையும்விட அந்த ஊர் மக்கள்தான் பெரிய வேலை செய்தவர்கள் என்பது என் எண்ணம். அதே 1948இல் சென்னையில் டொக்டர் மு. விசுவநாதன் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்திருங்கள்.

பிரேமிங்ஹாமின் 20 வருடக் கணக்கு 1979இல் வந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தக்குழாய் அடைப்பு நோய்கள் இரண்டு முதல் மூன்று மடங்கு. சாதாரணமாகப் பெண்களுக்கு இந்த நோய்கள் ஆண்களைவிடக் குறைவு, ஆனால் நீரிழிவு வந்தால் அந்தப் பாதுகாப்பு பெருமளவு போய்விடுகிறது என்பதும் தெரிந்தது. பிற்பாடு 2010இல் 102 ஆய்வுகளில் இருந்த கிட்டத்தட்ட 7 இலட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அடைப்பால் வரும் பாரிசவாதம் நீரிழிவுக்காரருக்கு 2.27 மடங்கு, கசிவால் வருவது 1.56 மடங்கு. வில்லிஸின் இரண்டு கைகளும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டன.

ஒரு குறை. பிரேமிங்ஹாம்காரர் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளையர். எங்களைப் போன்றவர்களின் நிலை? 1991இல் மேற்கு லண்டனின் சவுத்ஹோல் பகுதியில் போல் மக்கீக் குழுவினர் செய்த ஆய்வு வெளிவந்தது. நடுத்தர வயதினரில் ஐரோப்பியர்களுக்கு நீரிழிவு 4 வீதம், தெற்காசியர்களுக்கு 19 வீதம். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! கடல் கடந்து போன தெற்காசியர்கள் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொண்ட கட்டம் இது என்று சொல்லலாம்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்த பகுதி. அதற்கு மறுபடி ஒக்ஸ்போர்ட்டுக்குப் போக வேண்டும். 1977இல் றொபேர்ட் டேர்னர் என்ற டொக்டர் அங்கிருந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். புதிதாக நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேர், பிரித்தானியாவின் 23 மருத்துவ நிலையங்கள். அவர்களில் சுமார் பத்தில் ஒருவர் தெற்காசியர். கேள்வி மிக எளிது: சீனியை நன்றாகக் குறைத்தால் பின்விளைவுகள் குறையுமா? பதில் வர 1998 ஆனது.

சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறுகுழாய்ப் பாதிப்புகள் 25 வீதம் குறைந்தன. பெரிய வெற்றி. ஆனால் பாரிசவாதம்? குறையவில்லை.

ஆய்வுக்குள் இன்னொரு ஆய்வும் இருந்தது. உயர் அழுத்தமும் சேர்ந்திருந்த 1,148 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு அழுத்தத்தைக் கடுமையாகக் குறைத்தார்கள். ஒரு பக்கம் சராசரி 144க்கு 82, மறுபக்கம் 154க்கு 87. வித்தியாசம் வெறும் பத்துப் புள்ளி. பாரிசவாதம் 44 வீதம் குறைந்தது.

திரும்ப ஒருமுறை வாசியுங்கள். "சீனி வருத்தம்" என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த வருத்தக்காரரைப் பாரிசவாதத்திலிருந்து அதிகம் காப்பாற்றியது பிரஷர் குளிசை. 2004இல் வந்த இன்னொரு ஆய்வு மூன்றாவது கூட்டாளியையும் காட்டியது. நீரிழிவு உள்ள 2,838 பேரில் ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைக்கும் குளிசை கொடுத்தார்கள், அவர்களுக்குப் பாரிசவாதம் 48 வீதம் குறைவு. எங்கள் வீடுகளில் நடப்பது என்ன? கலியாண வீட்டில் சந்தித்தால், "அண்ணை, சுகர் எவ்வளவு?" "ஏழு." "பரவாயில்லை." அதோடு கதை முடிந்தது. தேத்தண்ணியில் சீனி போடவில்லை என்பதைச் சாதனையாகச் சொல்லிக்கொண்டே தட்டில் உப்புப் போட்ட மிளகாய்ப் பொரியலை அள்ளுவோம். பிரஷர் எவ்வளவு என்று கேட்டு நான் இதுவரை காதால் கேட்டதில்லை. பழைய பெயர் எங்கள் கண்ணை இன்னும் சீனியிலேயே வைத்திருக்கிறது. சீனி முக்கியமில்லை என்று நான் சொன்னதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கண்ணும் சிறுநீரகமும் வேண்டும் அல்லவா.

சீனிக்கும் பாரிசவாதத்துக்கும் இன்னொரு விசித்திரமான உறவும் உண்டு. சீனி மிகவும் இறங்கிப் போனால் ஒருவருக்குப் பேச்சுக் குழறும், கை விழும், அச்சொட்டாகப் பாரிசவாதம் போலவே இருக்கும். ஆனபடியால்தான் அம்புலன்ஸ்காரர் வந்தவுடன் முதலில் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். எது என்று நீங்கள் வீட்டில் இருந்து யோசிக்கத் தேவையில்லை. முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு மாறினால் 911தான், அல்லது உங்கள் நாட்டில் எந்த எண்ணோ அது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பலன் தருகிறது என்று 1995இல் காட்டினார்கள், ஆனால் முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். இன்று அதை நாலரை மணித்தியாலம் வரை நீட்டியிருக்கிறார்கள். "கொஞ்சம் படுத்து எழும்பினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், மரியாதை பார்க்காமல் போனை எடுங்கள்.

ஒக்ஸ்போர்ட் ஆய்வுக்கு ஒரு பின்கதையும் இருக்கிறது. ஆய்வு முடிந்ததும் எல்லாரையும் அவரவர் டொக்டர்களிடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 2008இல், அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தார்கள். தொடக்கத்தில் சீனியைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அந்த நன்மை பிற்பாடும் தொடர்ந்தது, மாரடைப்பும்கூடக் குறைந்திருந்தது. அழுத்தத்தில் கதை வேறு. ஆய்வு முடிந்து இரண்டு வருடத்துக்குள் இரண்டு குழுவின் அழுத்தமும் ஒன்றாகிவிட்டது. அந்த 44 வீதப் பாதுகாப்பும் நிலைக்கவில்லை. "பிரஷர் இப்ப நோர்மல்தானே" என்று குளிசையை நிறுத்தி லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கும் அப்பப்பாக்களுக்கும் அம்மம்மாக்களுக்கும் இந்தப் பந்தியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள். அது நோர்மலாக இருப்பதே அந்தக் குளிசையால்தான்.